ஆயில் வந்து சேரும்வரை

இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜினின் ஒரு ஓரத்திலிருந்து கடகடவென்று இரும்புச் சத்தம் எழுகிறது. இரண்டு மூன்று நொடிதான். பிறகு அடங்கிவிடும், வண்டி வழக்கம்போல ஓடும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில மாதம் கழித்து அதே சத்தம் பத்து நொடி நீடிக்கிறது. அப்புறம் ஒரு நாள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சிக்னலில் நிற்கும்போது கேட்கத் தொடங்குகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால், "டைமிங் செயின் டென்ஷனர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்.

அந்தப் பதில் சில சமயம் முழுக்கச் சரி. பல சமயம் பாதி சரி. சத்தம் டென்ஷனர் இருக்கும் பக்கத்திலிருந்து வருவதாலேயே தவறு டென்ஷனருடையது என்று ஆகிவிடாது. அதற்கு ஆயில் போய்ச் சேராமல் இருக்கலாம். அது தாங்கிப் பிடிக்க வேண்டிய செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம். அல்லது டென்ஷனரே கெட்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் புது டென்ஷனரைப் பூட்டினால் சத்தம் நின்றுவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். எச்சரிக்கை செய்துகொண்டிருந்த ஒரே குரலையும் காசு கொடுத்து அடக்கியதுதான் மிச்சம்.

பெட்ரோலோ டீசலோ, நம் கார்களில் இருப்பவை ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கிராங்கில் 21 பல் உள்ள ஸ்ப்ராக்கெட், அதாவது பல்சக்கரம், இருந்தால் கேமில் 42 பல் இருக்கும். இரண்டையும் பிணைப்பது டைமிங் செயின். 3000 ஆர்.பி.எம். வேகத்தில் கிராங்க் நொடிக்கு 50 முறை சுழல்கிறது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நேரம் பார்த்து ஒரு வால்வு இறங்கியிருந்தால் பிஸ்டன் அதை அடித்து வளைத்துவிடும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வராமல் பார்த்துக்கொள்வது அந்தச் செயினும் அதன் இறுக்கமும்தான்.

இந்தச் செயினின் மூதாதை மோட்டார் காரைவிட மூத்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட், 1880-ல் புஷ் ரோலர் செயினை உருவாக்கினார். 1885-ல் பல் வைத்த தகடுகளை அடுக்கிச் செய்த சைலன்ட் செயினும் அவரிடமிருந்தே வந்தது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது அதற்கு அடுத்த ஆண்டு. இன்றைய இன்ஜின்களில் ஓடுபவை பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களின் வாரிசுகள். நடுவில் 1962-ல், ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுடன் வந்தது. சத்தம் குறைவு, விலையும் குறைவு என்பதால் பெல்ட் வேகமாகப் பரவியது. ஆனால் அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால், அதுவரை சத்தமே இல்லாமல் ஓடிய பெல்ட் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் அறுந்துபோகும். செயினுக்கு அப்படிக் கால அட்டவணை கிடையாது, இன்ஜின் உள்ளவரை உழைக்கும் என்று சொல்லித்தான் பல கம்பெனிகள் மீண்டும் செயினுக்குத் திரும்பின. அந்த வாக்குறுதியோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டே வருகிறது: நல்ல ஆயில், சரியான நேரத்தில், போதிய அழுத்தத்தில்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு மிகவும் பழகிய உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். 1248 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா என்று பல பெயர்களில் ஓடியது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று பட்டப்பெயர் வாங்கும் அளவுக்குப் பரவி, 2020-ல் பி.எஸ்.-6 விதி வந்தபோது மாருதி அதைக் கைவிட்டது. இன்றும் டாக்ஸியாகவும் குடும்ப வண்டியாகவும் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது செயின்தான். ஆயில் கொள்ளளவோ சுமார் 3 லிட்டர்தான், அரை லிட்டர் குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு செயின் பக்கம் போவோம்.

கிராங்க் செயினை இழுக்கிறது. இழுபடும் பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும், மறுபக்கம் தொய்வாகத் திரும்பி வரும். விறைத்த பக்கத்தில் அசையாத ஒரு கைடு இருக்கிறது. தொய்ந்த பக்கத்தில், ஒரு முனையில் மட்டும் பூட்டிய வளைந்த கைடு ஒன்று செயினின் முதுகில் சாய்ந்திருக்கிறது. இவற்றின் மேல்பரப்பு பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக். அந்த வளைந்த கைடைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிப்பதுதான் டென்ஷனர். விரல் பருமனில் ஒரு பிஸ்டன், அதற்குள் ஒரு ஸ்பிரிங், பின்னால் ஆயில் வரும் சிறு துளை, அந்தத் துளையின் வாயில் ஒரு குண்டு வால்வு. பல டென்ஷனர்களில் பிஸ்டனின் ஓரத்தில் ரம்பப் பல்போல வரிகள் வெட்டி, ஒரு சிறு கொக்கி அவற்றில் விழுமாறு செய்திருப்பார்கள். அதை ராட்செட் என்கிறார்கள்.

ஸ்பிரிங்தான் செயினை இறுக்கிப் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் பலம் அதற்குப் போதாது. ஓடும் இன்ஜினில் ஆயில் குண்டு வால்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பிஸ்டனை வெளியே நகர்த்துகிறது. செயின் உதறிப் பிஸ்டனைத் திருப்பி உள்ளே தள்ள முயலும்போது குண்டு வால்வு சட்டென்று மூடிக்கொள்கிறது. அகப்பட்ட ஆயிலுக்கு வெளியேற ஒரே வழி, பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கு. முனையை விரலால் ஏறக்குறைய அடைத்துக்கொண்டு சிரிஞ்சை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: வேகமாக அழுத்தினால் அசையாது, மெதுவாக அழுத்தினால் இறங்கும். செயினின் உதறல் வேகமானது, அதனால் ஆயில் அதைத் தாங்கி நிறுத்துகிறது. இன்ஜின் சூடாகி உலோகம் விரிவது மெதுவான மாற்றம், அதற்கு ஆயில் இடம் கொடுக்கிறது. ஆயில் இல்லாத நேரத்தில் ஸ்பிரிங்கும் ராட்செட்டும் சேர்ந்து ஒப்பேற்ற வேண்டும். காலையில் கேட்கும் அந்தச் சத்தத்தின் நீளம் என்பது, கிட்டத்தட்ட ஆயில் அடியிலிருந்து புறப்பட்டு டென்ஷனரை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம்.

செயின் ஏன் உதறுகிறது? கேம் ஷாஃப்ட் எப்போதும் ஒரே பாரத்தோடு சுழல்வதில்லை. கேமின் மூக்கு வால்வைத் திறக்கும்போது வால்வின் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும், அப்போது கேம் செயினைப் பின்னுக்கு இழுக்கிறது. மூக்கு தாண்டியதும் அதே ஸ்பிரிங் விரிந்து கேமை முன்னால் உந்துகிறது, அந்தக் கணம் செயின் தளர்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படி இரண்டு முறை நடக்கும். கிராங்க் தானும் ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு முறை துள்ளுகிறது, அதுவும் சுற்றுக்கு இரண்டு முறை. ஸ்லோவில், அதாவது 800 ஆர்.பி.எம். ஐட்லிங்கில், இது நொடிக்கு ஏறத்தாழ 27 இழுப்பு, 27 தளர்வு. தொய்வு இருந்தால் ஒவ்வொரு தளர்விலும் செயின் கைடிலோ கவரிலோ அடிக்கும். நொடிக்கு 27 அடி என்பது காதுக்குச் சுருதியாகக் கேட்கும் வேகமல்ல, அதனால் கடகடப்பாகவே கேட்கிறது. வேகம் கூடினால் ஆயில் அழுத்தம் ஏறுகிறது, கிராங்கின் துள்ளலும் குறைகிறது, சத்தம் மறைகிறது. செயின் சத்தம் ஸ்லோவிலும், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து விடும்போதும்தான் நன்றாகத் தெரியும் என்று மெக்கானிக்குகள் சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான்.

இதிலிருந்து வேறுபட்ட இன்னொரு சத்தம் உண்டு. ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லிலும் செயின் வந்து உட்காரும்போது ஒரு சிறு தட்டல் பிறக்கிறது. 21 பல் உள்ள கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 800 ஆர்.பி.எம். வேகத்தில் நொடிக்கு 280 தட்டல், 3000-ல் 1050. இது சுருதியாகவே கேட்கும், வேகத்தோடு ஏறி இறங்கும். நிசானின் 4 லிட்டர் வி6 இன்ஜின் பூட்டிய சில வண்டிகளில் கேட்ட ஊளைச் சத்தம் இந்த வகை. அங்கே இரண்டாம் நிலைச் செயின்களின் டென்ஷனர் மேல்பரப்பைச் செயின் அரித்துத் தடம் பதித்திருந்தது. ஆக, 'கடகட' என்றால் தொய்வு, 'ஊய்ய்' என்றால் உரசல். டெலிபோனிலேயே விசாரித்துவிடக்கூடிய வித்தியாசம் இது.

இனி மூன்று சந்தேகங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். முதலில் ஆயில், ஏனென்றால் அதைச் சோதிக்கச் செலவே இல்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது ஆயில் ஃபில்டர். பல ஃபில்டர்களுக்குள் மெல்லிய ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரிலும் மேலே போகும் வழிகளிலும் உள்ள ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. விலை குறைந்த டூப்ளிகேட் ஃபில்டரில் அந்த ரப்பர் விறைத்துப்போயிருக்கும் அல்லது சரியாக உட்காராது. இரவில் ஆயில் முழுவதும் வடிந்து, காலையில் பம்ப் எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டியதாகிறது. டென்ஷனர் அதுவரை காத்திருக்கிறது, செயின் அதுவரை அடித்துக்கொள்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த சில நாளிலேயே காலைச் சத்தம் புதிதாகத் தொடங்கியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபில்டரைத்தான்.

சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சூடான ஸ்லோவில் அழுத்தம் சற்றுக் கூடும், அப்போதைய சத்தம் அடங்கவும் செய்யும். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் இன்னும் மெதுவாக நகரும். செயின் மிகவும் பாதிக்கப்படும் நேரமே அந்த முதல் நொடிகள்தான். அந்த நேரத்தை நீட்டிவிட்டு மற்ற நேரத்தில் அமைதி வாங்குவது மோசமான வியாபாரம்.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. அந்த விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் அரை பார் அளவுக்கும் கீழே இறங்கினால்தான் எரியும். அதற்கு வெகு முன்பே டென்ஷனர் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும். சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் பிரஷர் கேஜ் பூட்டி, இன்ஜின் நன்கு சூடான பிறகு ஸ்லோவிலும் 2000, 3000 ஆர்.பி.எம். வேகத்திலும் அளந்து, அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். கொஞ்ச நேர வேலை. இதைச் செய்யாமலே இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் இடத்தில் வண்டியை விடவேண்டாம் என்றே நான் சொல்வேன்.

அடுத்து செயினைச் சந்தேகிப்பதற்கு முன், சத்தம் செயினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். அதே பக்கத்தில்தான் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் இவற்றைச் சுழற்றும் வெளி பெல்ட்டும் இருக்கிறது. அதன் ஐட்லர் பேரிங்கோ ஆல்டர்னேட்டர் புல்லியோ கெட்டால் வரும் சத்தத்தைச் செயின் சத்தம் என்று நம்பி இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். வாட்டர் பம்ப்பையும் அந்த பெல்ட் சுழற்றுமானால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. சத்தம் போய்விட்டால் செயின் குற்றமற்றது. போகவில்லை என்றால் அடுத்த கருவி, நீளமான ஸ்க்ரூ டிரைவர். அனுபவசாலிகள் அதன் முனையை டைமிங் கவரின் மேல் ஊன்றி, பிடியைக் காதை ஒட்டிய எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்கள். வால்வு கவர், டைமிங் கவரின் மேல் பாதி, கீழ் பாதி, டென்ஷனர் போல்ட்டின் தலை என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தால், ஒரு இடத்தில் சத்தம் சட்டென்று கூர்மையாகும். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இதையே இன்னும் தெளிவாகச் செய்யும். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் இந்தத் தேடல் வலது முன் டயர் பக்கம் நடக்கும், கியர் பாக்ஸ் இடது பக்கம் இருப்பதால். ஓடும் பெல்ட்டுக்கு அருகில் தொளதொளப்பான சட்டைக் கையோடு குனியக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது சந்தேகம், செயினின் நீளம். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் அது சுழலும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு இணைப்பில் தேய்வது கண்ணுக்கே தெரியாது, ஆனால் இணைப்புகள் நிறைய. 8 மில்லிமீட்டர் இடைவெளியில் 148 கண்ணிகள் உள்ள செயின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 1184 மில்லிமீட்டர். ஒவ்வோர் இணைப்பும் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால், தலைமுடியின் பருமனைவிடவும் குறைவு, மொத்தம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். அந்த மூன்றையும் விழுங்க டென்ஷனர் பிஸ்டன் இன்னும் வெளியே வர வேண்டும். விறைத்த பக்கத்தின் பங்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 42 பல் கேம் ஸ்ப்ராக்கெட் கிராங்கின் கணக்கில் சுமார் 2 டிகிரி பின்தங்கிவிடுகிறது. டென்ஷனர் இதைச் சரிசெய்யாது, அது தொய்ந்த பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. புது டென்ஷனர் போட்ட பிறகும் மைலேஜும் பிக்அப்பும் திரும்பாத வண்டிகளில் நடப்பது பெரும்பாலும் இந்தப் பின்தங்கல்தான்.

டீசல் இன்ஜினில் பின்களை அரிப்பது புகைக்கரி. எரிப்பில் பிறக்கும் நுண்கரி ஆயிலில் கலந்து, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள படலத்துக்குள் நுழைந்து, மெல்ல மெல்ல உரசுகிறது. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்ட நீட்டக் கரியின் அளவு ஏறுகிறது. கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் நகர நெரிசலில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும். மீட்டரில் 10,000 தான் கூடியிருக்கும், இன்ஜின் சுற்றியதோ அதைவிட வெகு அதிகம். இது செயின் உள்ள கார் வைத்திருப்பவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். செயினின் ஆயுளை வருடங்களாலோ கிலோமீட்டராலோ அளப்பதைவிட, எத்தனை முறை ஆயில் மாற்றினோம் என்பதை வைத்து அளப்பது உண்மைக்கு நெருக்கமானது.

தேய்மானத்தைப் பிரிக்காமலே அறிய வழிகள் உண்டு. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் தரும் நிலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் பி0016 என்ற பிழைக் கோட் ஒன்றைப் பதிவு செய்யும். ஸ்கேனரில் அது வந்திருந்தால் செயின் நீண்டுவிட்டது அல்லது ஒரு பல் தாவிவிட்டது என்ற சந்தேகம் வலுக்கிறது. சென்சாரோ வயரோ கெட்டாலும் அதே கோட் வரலாம், அதையும் பார்க்க வேண்டும். ஒரு பல் தாவினால் 42 பல் கேமில் அது 8.6 டிகிரி, கிராங்கின் கணக்கில் 17 டிகிரி. இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ள டீசலில் அந்த 17 டிகிரி சாதாரண விஷயமல்ல. சூடான ஸ்லோவிலும் கடகடப்பு, கூடவே பி0016 என்றால், வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மூன்றாவது சந்தேகம் டென்ஷனர். அதுவே குற்றவாளியாக இருந்த வழக்கும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பேச்சு ஒருதலைப்பட்சமாகிவிடும். வோல்க்ஸ்வாகன், ஆடி கார்களில் வந்த ஈஏ888 பெட்ரோல் இன்ஜினின் முந்தைய பதிப்புகளில், டென்ஷனரின் ராட்செட் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தத் தவறியது. இன்ஜின் நின்றிருக்கும்போது பிஸ்டன் பின்வாங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் செயின் பல் தாவியது. வடிவத்தை மாற்றிப் புது டென்ஷனர் வந்தது, அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடர்ந்த வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது. இத்தகைய டென்ஷனர் உள்ள வண்டியை மேட்டைப் பார்த்து முதல் கியரில் நிறுத்தினால், ஹேண்ட் பிரேக் சற்று நழுவினாலும் வண்டி பின்னால் உருண்டு கிராங்கைத் தலைகீழாகச் சுழற்றும். விறைத்த பக்கமும் தொய்ந்த பக்கமும் அப்போது இடம் மாறிவிடும், முழு இழுப்பும் டென்ஷனர் மேல் விழும், ஆயில் அழுத்தமோ பூஜ்யம். பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசலில் சிக்கல் வேறு. செயினை இன்ஜினின் பின்புறம், கியர் பாக்ஸ் பக்கம் வைத்துவிட்டார்கள். கெட்டால் மாற்றுவதற்கு இன்ஜினையே இறக்க வேண்டியதாகிறது. பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு.

சரி, பிரித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கேம், கிராங்க் இரண்டையும் அதற்கான பின்களால் பூட்டிய பிறகே செயினில் கைவைக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு செய்வது ஆபத்தான குறுக்குவழி. சில இன்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவியே கிடையாது, நடு போல்ட்டின் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. போல்ட்டைத் தளர்த்தியதும் டைமிங் போய்விடும். சிலவற்றில் அந்த போல்ட் இடப்பக்க மரை, வழக்கமான திசையில் கழற்றப்போனால் இன்னும் இறுகும். அந்த போல்ட் ஒருமுறை இழுபட்டு இறுகுவதற்கென்று செய்த வகையானால் பழையதைத் திரும்பப் பூட்டக்கூடாது.

மாற்றுவது என்றால் செட்டாக மாற்ற வேண்டும்: செயின், இரண்டு கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட்டுகள். தேய்ந்த செயினோடு ஓடிய ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும், அதில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரம் பழசாகும். ஆயில் தேங்கும் சேம்பரை இறக்கி அதன் அடியைத் துழாவிப் பார்ப்பதும் கட்டாயம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் கிடைத்தால் அவை கைடின் துண்டுகள். அவை ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டால் பம்ப்புக்கு ஆயில் குறைகிறது, டென்ஷனருக்கு அழுத்தம் குறைகிறது, செயின் இன்னும் பலமாக அடிக்கிறது, கைடு இன்னும் உடைகிறது. சல்லடையைக் கழுவாமல் புதுச் செட் போட்டால் இந்தச் சுழற்சி மறுபடி தொடங்கும்.

புது டென்ஷனர் ஒரு சிறு கம்பியால் அமுக்கிப் பூட்டப்பட்டே வரும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கடைசியில் அந்தக் கம்பியை உருவ வேண்டும், அப்போது பிஸ்டன் டக்கென்று வெளிவந்து கைடில் சாயும். பிறகு பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, ஸ்பானரால் கிராங்கை அது ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பின்கள் மறுபடி உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் பலம் கொடுக்கவே கூடாது. இங்கே புதியவர்கள் பயப்படும் ஒரு விஷயம்: செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு மார்க்குக்கு வந்து நிற்காது. 21 பல் ஸ்ப்ராக்கெட்டில் 148 கண்ணிச் செயின் ஓடினால், நிறக் கண்ணிகள் பழைய இடத்துக்கு வர 148 சுற்று ஆகும். நம்ப வேண்டியது பின்களையும் ஸ்ப்ராக்கெட் மார்க்கையும்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். எரிபொருள் போகாமல் தடுத்துவிட்டுச் சில முறை செல்ஃப் அடித்தால் ஆயில் மேலே ஏறிவிடும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றிரண்டு நொடி சத்தம் வந்து நிற்பது இயல்பு. அடுத்த நாள் காலையிலும் அதே கடகடப்பு வந்தால் இயல்பல்ல.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆணியில் பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், புதுசைப் பூட்டுவதற்கு முன்பே அங்கே இருப்பது நல்லது. இரண்டும் வளையங்கள், ஆகவே கீழே தெரியும் வித்தியாசம் உண்மையான நீட்சியில் பாதிதான். பழையது ஒன்றரை மில்லிமீட்டர் கீழே தொங்கினால் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று அர்த்தம், சத்தத்துக்கான காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்று, பழைய கைடில் ஆழமான தடம் எதுவும் இல்லாமல், பழைய டென்ஷனரின் ராட்செட்டும் சரியாகப் பிடித்தால், கழற்றிய எதுவுமே கெட்டிருக்கவில்லை. அப்போது கவரை மூடுவதற்கு முன்பு ஆயில் பம்ப்பையும், டென்ஷனருக்கு ஆயில் வரும் துளையையும், சல்லடையையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.